பாண்டி என்னும் பெயர்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய பாதைகளில் மலையேறி, இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் நம் ஜனங்களுக்கு, மேலே ஒரு பெயர் காத்திருக்கிறது. 'பாண்டி' என்பதே அது. கீழே தேனி ஜில்லாவில் அதே சொல், பெற்றோர் பிள்ளைக்கு ஆசையோடு இடும் பெயர். பாண்டி, பாண்டியம்மாள் என்று அழைக்கப்படுவோர் இல்லாத கிராமம் அரிது. இவ்வளவு அருமையான பெயர் மலையைத் தாண்டியதும் ஏச்சாக மாறுவது எங்ஙனம்?

'பண்டு' என்னும் பழமைச் சொல்லிலிருந்து பாண்டியர் பெயர் பிறந்ததென்று அறிஞர் சிலர் கூறுவர். அசோகச் சக்கரவர்த்தியின் சாஸனங்களிலேயே பாண்டியர் குறிக்கப்பட்டிருக்கின்றனர். மலைக்குக் கிழக்கே பாண்டிய நாடு இருந்தமையால், மேற்கேயுள்ளவர் அத்தேசத்தையும் அதன் ஜனங்களையும் பாண்டி என்றனர். அதில் இழிவு ஏதுமில்லை. திருச்சூர்ப் பூரத்தில் இலஞ்சித்தறையில் முழங்கும் மேளத்துக்குப் பெயர் பாண்டிமேளம். மலையடிவாரத்துப் பூஞ்ஞாறு ராஜ வம்சத்தார் தாம் மதுரைப் பாண்டியர் வழியினர் என்றே பெருமை கொள்வர்.

நிற்க, இழிவு வந்த வழி யாது? அரசன் பெயரால் அழைக்கப்பட்டவன் கூலிக்காக மலையேறினான். அவன் ஏழ்மை அவன் பெயரிலும் ஏறிற்று. சொல் கெடவில்லை; சொல்லுவோன் குரலே கெட்டது.

நாமும் இவ்விஷயத்தில் குற்றமற்றவரல்லோம். மலைநாட்டார் என்னும் பொருளுடைய 'மலையாளி' என்ற சொல்லோடு பில்லி சூனியத்தைச் சேர்த்துப் பேசுவோர் நம்மில் உண்டு. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் தமிழே பேசும் பழங்குடியினர்க்கும் அதுவே பெயரென்பதை எத்தனை பேர் அறிவர்?

2011 டிஸம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றியபோது, தோட்டங்களிலிருந்து நம் தொழிலாளர் பலர் அஞ்சிக் கீழிறங்கினர். இப்பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. நாள்தோறும் நாவில் உலவிய இகழ்ச்சி அன்று கையிலும் காலிலும் இறங்கிற்று. 1895-ல் கட்டி முடிந்த அவ்வணையின் நீர், மேற்கு மலையிற் பிறந்து கிழக்கு வயலை விளைவிக்கிறது. கிழக்கின் உழைப்பு மேற்கின் ஏலத்தைக் காய்க்கச் செய்கிறது. இவ்வாறு பிணைந்தவர் ஒருவர் பெயரை ஒருவர் வசையாக்குவது தகுமோ?

பாண்டி என்றழைக்கப்படும் தொழிலாளி தலை குனிய வேண்டியதில்லை. மலையாளி என்று நாம் அழைக்கும் வியாபாரியும் அவ்வாறே தலை நிமிர்ந்து நம் தெருவில் நடக்கச் செய்வது நமது கடமை.