பழைய விளையாட்டும் பழைய ஏடும்

1999-இல் வெளியான ‘சிஸ்டம் ஷாக் 2’ என்னும் கணினி விளையாட்டு, விண்கலமொன்றில் தனித்தவனின் அச்சத்தைச் சித்திரிப்பது. அதனை ஆக்கிய நிறுவனங்களுள் ஒன்றான லுக்கிங் கிளாஸ் 2000-இல் மூடப்பட்டது. பின்வந்த கணினிகளில் அது செவ்வனே இயங்கவில்லை. எனினும் ஆர்வலர்கள் கைவிடாது, மங்கிய உருவங்களைத் துலக்கினர், பிழைகளைக் களைந்தனர். 2012-இல் ‘லு கொர்போ’ (அண்டங்காக்கை) என்னும் பிரெஞ்சுப் புனைபெயரில் வெளிவந்த திருத்தம் அதற்குப் புத்துயிர் அளித்தது.

இத்தகைய பணி தமிழருக்குப் புதிதன்று. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

பெற்றோரே, பழைய விளையாட்டைச் செப்பனிடும் பிள்ளையைக் கடியாதீர்கள். அவ்வார்வத்தைத் தமிழ் நூலின்பாலும் திருப்புங்கள். மூலம் கெடாது காத்துத் திருத்துவோர் உள்ளவரையே எப்படைப்பும் வாழும். எடுத்துப் பயில்வோர் உள்ளவரையே மொழியும் வாழும்.