காலந்தப்பிய கேள்வி

சென்ற கல்வியாண்டில், நம் கல்லூரி விடுதியில் தங்கிப் பௌதிகம் பயின்றுவந்த மாணாக்கர் ஒருவர், வார இறுதியில் ஊர் சென்று மீளும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகி உயிர்நீத்தார். அவர் பெயரை ஈண்டு எழுதவேண்டுவதில்லை. அறிந்தோர் அறிவர், அறியாதோர்க்கு இக்கட்டுரையின் பொருட்டு அஃது இன்றியமையாததன்று. இருபது வயதும் நிரம்பாதவர். செய்தி கிட்டிய மறுநாட் காலையில் விடுதிக் காப்பாளரும், உடன் பயின்ற மாணாக்கர் நால்வரும், யாமும் அவர் ஊருக்குச் சென்றோம்.

பந்தலின்கீழ்த் தந்தையார் அமர்ந்திருந்தார். வந்தவர் ஒவ்வொருவரும் அவர் கையைப் பற்றிக்கொண்டு, சிறிது நேரம் மௌனமாயிருந்து, பின்னர்த் தாழ்ந்த குரலில் ஒரே கேள்வியைக் கேட்டனர்: “தம்பி ஹெல்மெட் போட்டிருந்தானா?” அவரும் ஒவ்வொருவருக்கும் ஒரே விடையைக் கூறினார்: “வண்டியில் மாட்டியிருந்தான்.” யாம் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில் இவ்வினாவும் விடையும் பதினொரு முறை எம் செவியில் விழுந்தன. எண்ணியதற்கு நாணுகின்றோம், ஆயினும் எண்ணினோம். அதனினும் நாணத்தக்கது யாதெனில், யாம் அப்பந்தலுள் நுழைந்தபொழுது எம் நாவின் நுனியிலும் அக்கேள்வியே நின்றது என்பதாகும்.

இங்ஙனம் கேட்போர் கொடியவர் அல்லர். இளம்பிள்ளையின் மரணம் நம் அறிவைக் கலக்குகின்றது. அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் உள்ளம் சற்றே நிலைகொள்ளும். ‘அவன் அணியவில்லை, நம் வீட்டுப் பிள்ளை அணிபவன், ஆதலின் நமக்கு இது நேராது’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளவே பெரும்பாலோர் கேட்கின்றனர். ஆனால் கேட்பவருக்கு ஆறுதலாவது பெற்றவர் செவியிற் குற்றச்சாட்டாக விழுகின்றது. கேள்வி தவறானதன்று, கேட்கும் காலமும் இடமுமே தவறானவை. இதே கேள்வியை உரிய இடத்திற் கேட்டு, விடையையும் தேடிய மருத்துவர் ஒருவரின் வரலாற்றை நம் மாணாக்கர் பலர் அறியார். அதனை முதலிற் கூறுவோம்.

அரேபிய நாட்டுப் போரிற் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயரைச் சரித்திரம் பயில்வோர் அறிவர். அவருக்கு மோட்டார் சைக்கிளின்மீது அளவிறந்த மோகம். பிரஃப் சுப்பீரியர் என்னும் விலையுயர்ந்த வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கி ஓட்டினார். தம் வண்டிக்குப் ‘பொவனெர்கேஸ்’ என்று பெயருமிட்டிருந்தார். செபெதேயுவின் குமாரர் இருவருக்கு இயேசுநாதர் இட்டதாக மாற்கு சுவிசேஷத்திற் காணப்படும் பெயர் அது. இடிமுழக்கத்தின் மக்கள் என்பது பொருள். வண்டியின் உறுமலைக் கேட்டோர் பெயர்ப்பொருத்தத்தை மறுத்திரார். 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இங்கிலாந்தில் டார்செட் மாகாணத்திலுள்ள தம் குடிலுக்கு அணித்தான சாலையில் அவர் வந்துகொண்டிருந்தார். சாலை மேடும் பள்ளமுமானது. பள்ளமொன்றில் சைக்கிளிற் சென்ற சிறுவர் இருவர் திடீரெனக் கண்ணிற்படவே, அவர்களுக்கு ஊறு நேராவண்ணம் வண்டியைத் திருப்பினார். அவர் தூக்கி எறியப்பட்டார். சிறுவர் பிழைத்தனர். தலையில் அடிபட்ட லாரன்ஸ் ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, 19ஆம் நாள் தமது 46ஆம் வயதில் இறந்தார். அவர் தலையிற் கவசம் யாதும் இருந்திலது. அக்காலத்திற் சாலையில் அதனை அணிவார் அரியர். அவருடைய அன்னையும் மிஷன் மருத்துவராகிய மூத்த சகோதரரும் அப்பொழுது சீன தேசத்திலிருந்தனர். அடக்கத்துக்கு அவர்களால் வந்துசேர இயலவில்லை.

அப்படுக்கையருகே நின்ற மருத்துவருள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர். ஆஸ்திரேலியாவிற் பிறந்தவர்; அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்னும் பேராசானிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றவர். லாரன்ஸின் உயிரைக் காக்க அவரால் இயலவில்லை. மருத்துவர் கைவிட்ட உயிர்கள் உலகிற் பல; அவருட் பெரும்பாலோர் அடுத்த நோயாளியிடம் சென்றுவிடுவர். கெய்ர்ன்ஸும் சென்றார், ஆனால் கேள்வியை உடன்கொண்டு சென்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டபின், இராணுவத்தில் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர், நம் மாணாக்கரை ஒத்த வயதினர், தலை உடைந்து அவர் பொறுப்பிலிருந்த மருத்துவமனைக்கு வந்துகொண்டேயிருந்தனர். பகைவரின் குண்டினால் அன்று. உள்நாட்டுச் சாலையில் வீழ்ந்து.

1941ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்களே கொண்டது. போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்று மாண்டவர் 2,279 பேர். போருக்கு முந்திய 21 மாதங்களில் 1,884 பேர். தலைக்காயமே இம்மரணங்களிற் பெரும்பங்கு கொண்டதென அவர் கண்டார். அன்றியும், கவசம் அணிந்தவாறே விபத்துக்குள்ளானவராக அவருக்குக் கிடைத்தவர் எழுவர் மட்டுமே, அவ்வெழுவரும் பிழைத்திருந்தனர். ஏழு என்பது சிறிய எண். அதனைக்கொண்டு பெரிய முடிபு கூறலாகாது என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் அதனை மறைக்கவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. ஹோல்பர்ன் என்னும் பௌதிக அறிஞர், கெய்ர்ன்ஸோடு இயைந்து, மூளையின் வடிவில் வார்த்த ஜெலட்டினைச் சுழற்றி நிறுத்தி, அதன் எப்பகுதி எங்ஙனம் முறுக்குண்கிறது என்று ஆராய்ந்தார். குடிமக்கள் யாவர்க்கும் பிரிட்டனில் தலைக்கவசம் சட்டமானது 1973ஆம் ஆண்டில். கெய்ர்ன்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார்.

இனி, இக்கவசம் செய்யும் வேலை யாது? பௌதிகம் பயில்வோர் தாமே கணக்கிட்டு அறியலாம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 15 மீட்டர். அவ்வேகத்திற் சுவரில் மோதுதல், ஏறத்தாழ 11½ மீட்டர் உயரத்திலிருந்து, அஃதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, கீழே வீழ்வதற்கு ஒப்பாகும். வேகம் 72 ஆயின் உயரம் 20 மீட்டரைக் கடந்துவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு ஏறினால் வீழ்ச்சி ஏறக்குறைய இருமடங்காகின்றது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே ஆற்றல் வளர்தலால் இவ்வாறு நிகழ்கின்றது. இவ்வுண்மையைத் தேர்வுத்தாளிற் பிழையின்றி எழுதுவோர், கல்லூரி வாயிலைக் கடந்த நூறு அடிக்குள் அதனை மறந்துவிடும் விந்தையை யாம் நாள்தோறும் காண்கின்றோம்.

அத்தகைய நேர்மோதலில் எக்கவசமும் முழுக்காவல் அன்று. ஆனால் வண்டியிலிருந்து வீழ்வோர் பலரின் தலை, சுவரில் முழுவேகத்தோடு மோதுவதில்லை. சறுக்கி வீழ்ந்து, இருக்கையின் உயரத்திலிருந்து தரையிற் படுகின்றது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வீழும் தலை தரையைத் தொடும்பொழுது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். வெறுந்தலை தார்ச்சாலையில் படுங்கால் அவ்வேகம் சில மில்லிமீட்டருள் அற்றுப்போதல் வேண்டும். கவசத்தின் உள்ளே தெர்மக்கோல் போன்ற நுரைப்பொருள் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கின்றது. அது நசுங்கிக்கொண்டே தலையை நிறுத்துவதால், நிற்கும் தொலைவு பத்து மடங்கு நீண்டு, மூளை தாங்கும் விசை பத்தில் ஒன்றாகக் குறைகின்றது. மேலோடு அவ்விசையைப் பரப்புவதும் கூர்மையானவற்றைத் தடுப்பதும் செய்யும். ஆகவே காப்பது பளபளக்கும் மேலோடு மட்டுமன்று. உள்ளே கண்ணுக்குப் படாத நுரையும் ஆகும். நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஒருமுறை விபத்தைத் தாங்கிய கவசம் வெளியே புதிதாகத் தோன்றினும் பயனற்றது. தாடைப்பட்டை பூட்டப்படாத கவசமோ முதல் குலுக்கலிலேயே தலையைவிட்டுப் பிரிந்து தன் வழியே போய்விடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், தலைக்கவசம் மரண அபாயத்தை 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கண்டனர். நூறு விழுக்காடு என்று அவர்கள் கூறவில்லை, யாமும் கூறோம்.

நம் தேசத்தின் கணக்கை நோக்குவோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவருள் இருசக்கர வண்டியிற் சென்றவர் 74,897 பேர். தலைக்கவசம் அணியாது மாண்டவராக மத்திய அரசின் அறிக்கை கூறுவது 50,029 பேரை. அவருள் 14,337 பேர் பின்னே அமர்ந்து சென்றவர்கள். சட்டம் இல்லாத குறையன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில், ஓட்டுவோர்க்கும் உடன் செல்வோர்க்கும் கவசத்தை விதித்துள்ளது. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாக் கவசங்களை விற்பதும் குற்றமாயிற்று. ஆயினும் சாலையோரத்தில் குல்லாய் போன்றவற்றை வாங்கி அணிந்து, போலீஸ்காரரிடமிருந்து தலையைக் காத்துக்கொள்வோர் உளர்.

நம் மாணாக்கர் கூறும் காரணங்களையும் கேட்டறிந்தோம். வெயிலில் வேர்க்கின்றது, தலைமயிர் உதிர்கின்றது, பின்வரும் வண்டியின் ஓசை கேட்பதில்லை, இதோ கடைத்தெரு வரைக்குந்தான். வேர்ப்பது உண்மை, நம் வெயிலில் அது துன்பமே. ஓசையைப் பற்றிய காரணம் அத்துணை வலியதன்று. ஓடும் வண்டியில் காற்றின் இரைச்சலே பிற ஓசைகளை விழுங்கிவிடுகின்றது. நாலாவது காரணமே எமக்கு அச்சந் தருவது. லாரன்ஸ் அன்று இராணுவ முகாமிலுள்ள தபால் நிலையத்துக்குச் சென்று வீடு திரும்பிக்கொண்டிருந்தார். தொலைவு ஒன்றரை மைல் அளவே.

எம் மாணாக்கரின் கதைக்கு மீளுகின்றோம். அவர் அறைத்தோழர், அன்று ஊர்புறப்பட்டவர் கவசத்தைக் கண்ணாடித் தண்டில் மாட்டியதைத் தம் கண்ணாற் கண்டவர். ‘போட்டுக்கொள்’ என்று சொல்ல வாயெடுத்ததாகவும், கேலி செய்வானோ என்று சொல்லாமல் விட்டதாகவும் எம்மிடம் கூறினார். மூன்று வாரம் வகுப்புக்கு வந்தும் அவர் ஒன்றும் எழுதவில்லை. ‘உன் பிழையன்று’ என்று யாம் பலமுறை சொன்னோம். அச்சொல் அவரைத் தொடவேயில்லை. பிழையோ அன்றோ என்பதைப்பற்றி அவர் வினவவில்லை. நடந்ததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்றே வந்திருந்தார் என்பது எமக்குத் தாமதமாகவே விளங்கிற்று. அதன்பின் யாம் பேசுவதை விடுத்துக் கேட்கத் தொடங்கினோம். அதே நிகழ்ச்சியை அவர் மாலைதோறும் கூறினார். ஒவ்வொரு முறையும் சிறிதே குறைவாக அழுதார்.

அவ்வறைத்தோழரும் மற்ற மூவரும் சேர்ந்தே, இப்பொழுது விடுதி வாயிலில் நடைபெறும் வழக்கத்தைத் தொடங்கினர். வெளியே செல்வோர் கையெழுத்திடும் பேரேட்டின் அருகே நின்று, வண்டியெடுப்பவரிடம் பட்டையைப் பூட்டிக் காட்டுமாறு கேட்கின்றனர். முதல் வாரத்திற் சிரிப்பும் சச்சரவும் இருந்தன. ஆசிரியரும் விலக்கில்லை, எம்மையும் ஒருநாள் நிறுத்தினர். பந்தலிற் பதினொரு முறை கேட்கப்பட்ட அதே கேள்விதான். ஆனால் இங்கே கேட்கப்பட்டவர் விடைகூற இருக்கின்றார்.

நாற்பதாம் நாள் கழித்து அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றோம். என்ன கொண்டு செல்வதென்று தெரியவில்லை. அறைத்தோழர் தாமாகவே, ஆய்வுக்கூடத்தில் எஞ்சியிருந்த அம்மாணாக்கரின் பௌதிகச் செய்முறைக் குறிப்பேட்டைப் பெற்று எடுத்து வந்தார். அதில் ஒன்பது பரிசோதனைகள் முடிந்திருந்தன. பத்தாவதற்குத் தலைப்பும் கோடும் மட்டும் இட்டிருந்தார். தந்தையார் உழவர், அதிலுள்ள ஆங்கிலம் அவருக்கு வாசிக்க இயலாதது. கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, முதற்பக்கத்தைத் திறந்து, “இது என்ன செய்திருக்கிறான், சொல்லுங்க தம்பி” என்றார். அறைத்தோழர் அருகே அமர்ந்து ஊசலைப் பற்றிச் சொன்னார். பின்னர் அடுத்த பக்கம். அன்னையாரும் சமையலறை வாயிலிலிருந்து வந்து சுவரோரமாய் அமர்ந்தார். ஒன்பதும் முடிவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் அயல்வீட்டார் ஒருவர் வந்து எட்டிப்பார்த்து, பாடம் நடக்கிறதென்று எண்ணியோ என்னவோ, ஒன்றும் கேளாமலே திரும்பிச் சென்றார்.