முன்னங்கால் வைத்தியம்

திருவாலங்காடு என்றதும் யாருக்கும் ஆடலரசன் நினைவுதான் வரும். காளியோடு போட்டியிட்டு இறைவன் காலைத் தூக்கி ஆடியதாகச் சொல்லும் ரத்தின சபை அந்த ஊர்க் கோயிலில்தான் இருக்கிறது. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் அந்த ஊருக்கு நிலையமும் உண்டு. ஆனால் நாம் ரயிலில் போகவில்லை. நண்பர் ஒருவருடைய பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனோம். போன இடத்தில் வேறொரு காலைப் பற்றிப் பாடம் கிடைத்தது. அதுதான் புல்லட்டின் முன்னங்கால்!

திருவள்ளூர் தாண்டியதுமே முன்புறம் 'டக், டக்' என்று சத்தம். பிரேக் போட்டால் வண்டி தலையைக் குப்புறக் கவிழ்த்தது. ஊர் வந்ததும் இறங்கிப் பார்த்தால், ஃபோர்க்கின் ஒரு காலில் எண்ணெய் வழிந்து சக்கரம் வரை இறங்கியிருந்தது. விசாரித்துக்கொண்டு ஒரு பட்டறைக்குத் தள்ளிப் போனோம்.

"ஒரு ஆயில் சீல் மாத்திக் குடுங்க மேஸ்திரி. சாமி கும்பிட்டுட்டு வந்து எடுத்துக்கறோம்" என்றார் நண்பர்.

"சீல் மாத்தறது பெரிய வேலையில்ல தம்பி. அது ஏன் கிழிஞ்சுதுன்னு பாக்க வேணாமா?" என்றார் மேஸ்திரி.

நம்மூர் வண்டி

இங்கிலாந்தில் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் கம்பெனி செய்த வண்டி புல்லட். 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறந்த நாட்டில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் புல்லட் சென்னையில் பிறந்துகொண்டே இருந்தது. பழைய புல்லட்டைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்துச் சிற்றூர்களிலும் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஸ்பிரிங்கும் எண்ணெயும்

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஓர் எஃகுக் குழாய் உண்டு. அதன்மேல் கீழ்க்கால் ஏறி இறங்குகிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கின்றன. பள்ளத்தின் அடியைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் நம்பினால், அமுங்கிய வண்டி பந்துபோலத் துள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கிப் பாய்ந்து அந்தத் துள்ளலை அடக்குகிறது. இவ்விதம் எண்ணெயால் அடக்கும் ஃபோர்க்கைத் தயாரிப்பு வண்டியில் முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி. அது 1935-ம் ஆண்டு. ஆக, எண்ணெய் ஒழுகிப் போனால் பாதி வைத்தியனை இழந்த மாதிரிதான்.

நகமே சாட்சி

மேஸ்திரி என்ஜினுக்கடியில் கட்டையைக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிரம்மைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. உள்ளேயும் எண்ணெய்!

"பாத்தீங்களா? இதோட ராத்திரி மெட்ராஸ் போயிருந்தா, பிரேக்கு பிடிக்கிற நேரத்துல பிடிச்சிருக்காது."

நண்பர் ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஃபோர்க்கைப் பிரித்து, குழாயைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினார். குழாய் வளைந்திருந்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். நல்ல வேளை, வளைவில்லை. இரண்டு ஸ்பிரிங்குகளையும் அருகருகே நிறுத்தினார். உயரம் சமம். கடைசியில், "நகத்தை ஓட்டிப் பாருங்க" என்று குழாயை நம்மிடம் நீட்டினார். ஓரிடத்தில் நகம் சிக்கியது. முலாம் உரிந்து, துரு அரித்த சிறு குழிகள்! கால் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் குழிகள் ரப்பர் சீலை அரம்போல அறுத்திருக்கின்றன. புதுச் சீல் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

"கெட்டியான ஆயில் ஊத்தினா ஒழுகறது கொஞ்சம் குறையும். ஆனா கால் மரக்கட்டையாயிடும். அந்த வேலை நான் செய்யறதில்ல" என்றார். புதுக் குழாய் வேண்டும். அல்லது இதற்கே கடின குரோமியம் ஏற்றிக் கடைந்து வாங்க வேண்டும்.

வண்டியை அவரிடம் விட்டுவிட்டு, கோயிலுக்குப் போய், ரயிலில் ஊர் திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு குழாயோடு போனோம். புதுச் சீல்கள் ஏறின. பிரேக் கட்டைகளும் புதிதாயின. இரண்டு கால்களுக்கும் எண்ணெயை அளந்து சமமாக ஊற்றினார். அச்சின் பிடிகளை உடனே முறுக்கவில்லை. முன்புறத்தைப் பலமுறை அமுக்கி, கால்கள் இரண்டும் நேராக அமர்ந்த பிறகே முறுக்கினார்.

"இப்ப பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு ஹாண்டில்பாரை அமுக்குங்க."

நண்பர் அமுக்கினார். வண்டி மெல்லத் தாழ்ந்து, துள்ளாமல் நிதானமாக எழுந்தது.

வாசகர்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஒருமுறை குனிந்து முன்னங்காலைப் பாருங்கள். எண்ணெய்க் கறை தெரிந்தால் துணியால் துடைத்துவிட்டுப் புறப்பட்டுவிடாதீர்கள்!