எழுபது குறிகளில் ஒரு செய்தி

தந்திச் சேவகர் நுழைந்தால் சுரங்கக் குடியிருப்பே திடுக்கிட்ட காலம் ஒன்று உண்டு. அத்தந்தி 2013 ஜூலையில் விடைபெற்றது. அதற்கு முன்னரே, 2001 பிப்ரவரி 28இல், கோலார் தங்கச் சுரங்கங்களும் மூடப்பட்டன. இன்று நம்மவர் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். துக்கச் செய்தியோ கூட்ட அறிவிப்போ அவர்களை உரிய நேரத்தில் எட்டுவது எங்ஙனம்?

இதற்குச் சங்கத்தின் கணிப்பொறியே துணையாகும். சிம் அட்டை பொருத்திய சிறு மோடம் ஒன்றை அதனுடன் இணைத்தால், ஒரே வாசகத்தைப் பலருக்கும் வரிசையாகக் குறுஞ்செய்தியாய் அனுப்பலாம். இணையத் தொடர்பு வேண்டியதில்லை. உலகின் முதற் குறுஞ்செய்தியே 1992 டிசம்பர் 3இல் இங்கிலாந்தில் கணிப்பொறியிலிருந்து சென்றதன்றோ! ஆயினும், இசைவு தந்த உறுப்பினர்க்கே அனுப்புக. வணிக விளம்பரத்திற்கு இவ்வழி ஆகாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடமுண்டு. தமிழுக்கோ 70 மட்டுமே. ‘கோலார்’ நமக்கு மூன்றெழுத்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணிப்பொறிக்கு ஆறு. எல்லை கடந்தால் ஒரு செய்தி இரண்டாகக் கணக்கிடப்படும்.

அதற்கஞ்சி ஆங்கிலத்திற்குத் தாவ வேண்டா. ஆங்கிலத் தந்தியைக் கையில் ஏந்தி, படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த அன்னையரை மறத்தலாகுமோ? யார், எங்கு, எப்பொழுது என்னும் மூன்றையும் சுருக்கமாகத் தமிழிலேயே எழுதுவோம். வீட்டிலுள்ள முதியோரும் பிறர் உதவியின்றித் தாமே படித்தறியட்டும்.