முகம் காட்டாத விருந்தாளி

பனி பொழியும் ஒரு பிப்ரவரி நாள். தென் இங்கிலாந்தில் ஐப்பிங் என்னும் சிற்றூரின் விடுதிக்கு ஒருவன் வந்து சேருகிறான். தலை முழுவதும் துணிக்கட்டு. கண்களில் நீலக் கண்ணாடி. கைகளில் தடித்த உறைகள். தங்க அறையும் குளிர் காய நெருப்பும் கேட்டு, இரண்டு பவுன்களை எடுத்து வீசுகிறான். யார், எந்த ஊர் என்று வாய் திறப்பதில்லை.

எச். ஜி. வெல்ஸ் 1897-ல் வெளியிட்ட, 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' என்று பொருள்படும் நாவல் இவ்விதம் தொடங்குகிறது. வெல்ஸ் நம்மைப் போல் ஒரு காலத்தில் உபாத்தியாயர். ஐப்பிங்கை அடுத்த மிட்ஹர்ஸ்ட்டில் உதவி ஆசிரியராக இருந்தவர். ஆகவே ஊரார் வம்பு அவருக்கு அத்துபடி. வந்தவன் போலீஸுக்குப் பயந்து ஒளியும் குற்றவாளி என்கிறான் ஒருவன்; பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தோல்காரன் என்கிறான் இன்னொருவன். அவன் உடம்புக்கு என்ன என்று பரிவுடன் கேட்டவர் அநேகமாக இல்லை.

அவன் பெயர் கிரிஃபின். பௌதிக சாஸ்திரம் பயின்றவன். கண்ணாடியைப் பொடி செய்து நீரிலிட்டால் பொடி கண்ணுக்குத் தெரியாது; ஒளி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விதமாய் வளைவதே காரணம். மனித உடலையும் காற்றுக்கு அவ்விதம் சமமாக்கலாம் என்பது அவன் கண்ட ரகசியம். அந்த ஆராய்ச்சிக்காகத் தகப்பனார் வசமிருந்த பணத்தைத் திருடுகிறான். அது பிறருடைய பணம். தகப்பனார் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். மகன் கண்ணில் நீர் வரவில்லை! இவ்விடத்தில் நமக்கு அவன் மீதிருந்த இரக்கம் பாதி போய்விடுகிறது.

மீதிப் பாதி போகாததற்குக் காரணம் லண்டன் வீதிக் காட்சிகள். சித்தி பெற்றவன், ஜனவரிக் குளிரில் வெற்றுடம்போடு நடுங்குகிறான். ஆடை அணிந்தால் ஆடை தெரியும். உண்டால் செரிக்கும்வரை உணவு தெரியும். சேற்றில் பதிந்த அடிச்சுவட்டைப் பார்த்துச் சிறுவர்கள் துரத்துகிறார்கள்.

ஒரு மாணாக்கன் நம்மை மடக்கினான்: "ஸார், விழித்திரையும் ஒளியைப் பிடிக்காதென்றால் அவன் பார்ப்பது எப்படி?" நியாயமான கேள்வி! ருஷ்ய ஆசிரியர் பெரல்மானும் தம் பௌதிக நூலில் இதையே எடுத்துக்காட்டி, அவன் குருடனாகத்தான் இருக்க முடியும் என்றார். ஆயினும் அந்தப் பையன் புத்தகத்தைத் திருப்பித் தரப் பதினைந்து நாள் ஆயிற்று.

முடிவில் கிரிஃபின் கொலையும் செய்கிறான். கூட்டம் அவனை அடித்து வீழ்த்துகிறது. உயிர் பிரிந்த பிறகே உடல் மெல்ல மெல்லப் புலனாகிறது. முப்பது வயது வாலிபன், முடியெல்லாம் வெளுப்பு. அந்த முகத்தை மூடும்படி ஒருவன் கதறுகிறான். சிறுவர்களை அப்பால் தள்ளிவிட்டு, துப்பட்டி ஒன்று கொண்டுவந்து போர்த்துகிறார்கள்.