பீப் கேட்டால் பதிவாகிவிட்டதா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரி வளாகம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள் தொடங்கிவிடும். மருந்துக்கும் ஷூவுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மெடிக்கல் ஷாப் பில் மேசையிலும் ஷூ கம்பெனியின் பேக்கிங் மேசையிலும் வேலை நடப்பது ஒரே சத்தத்தை நம்பித்தான்: பார்கோடு ஸ்கேனரின் ‘பீப்’. அது கேட்டதும் கை தானாக அடுத்த பெட்டிக்குப் போய்விடும்.

அந்தப் பீப், கோடுகளைப் படித்தாகிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. படித்த எண் கம்ப்யூட்டரில் எந்தக் கட்டத்தில் விழுந்தது, டேட்டாபேஸில் ஏறியதா, ஏறாமல் தொலைந்ததா என்பதெல்லாம் பெரும்பாலான ஸ்கேனர்களுக்குத் தெரியவே தெரியாது. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது ஒன்றிரண்டு பெட்டி குறைவதற்கும், யாரோ ஒரு தொழிலாளி திட்டு வாங்குவதற்கும் இந்த இடைவெளியும் ஒரு காரணமாகலாம்.

பார்கோடுக்கான முதல் காப்புரிமைக்கு 1949இல் விண்ணப்பித்தவர்கள் அமெரிக்காவின் நார்மன் ஜோசப் உட்லேண்டும் பெர்னார்ட் சில்வரும். கடைக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ட்ராய் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்று முதன்முதலாக ஸ்கேன் ஆனது. பிறகு மேசைக் கம்ப்யூட்டர்கள் பரவியபோது ஸ்கேனர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஏற்கெனவே எழுதிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களில் எதற்கும் ஸ்கேனர் என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தார்கள். கீபோர்டு வயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஸ்கேனரைச் செருகி, படித்த எண்ணை யாரோ விரலால் தட்டுவதுபோல உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கீபோர்டு வயர் போய் யு.எஸ்.பி. வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. இன்று கடையில் வாங்கும் சாதாரண ஸ்கேனரைச் சொருகினால், விண்டோஸிடம் அது ‘நான் ஒரு கீபோர்டு’ என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறது. அதனால்தான் அதற்கு எந்தப் பழைய மென்பொருளும் ஒத்துப்போகிறது. எல்லாத் தொல்லையும் அதனால்தான்.

பேக்கிங் மேசைக்கு வருவோம். ஷூ டப்பாவின் பக்கவாட்டு லேபிளில் ஆர்ட்டிக்கிள் நம்பர், நிறம், சைஸ், அவற்றுக்குக் கீழே 13 இலக்க பார்கோடு. கர்சர் ‘எத்தனை ஜோடி’ என்ற கட்டத்தில் இருக்கும்போது, அதை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த மறந்து ஸ்கேனரை அழுத்தினால் என்ன ஆகும்? பீப் வழக்கம்போலக் கேட்கும். 8901234567890 என்பது ஜோடிக் கணக்கில் போய் உட்காரும். சுமார் 8.9 லட்சம் கோடி ஜோடி ஷூ! இவ்வளவு பெரிய அபத்தம் எப்படியும் கண்ணில் பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல். அதே எண் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டம் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இதைவிட மோசமானது எச்சரிக்கைப் பெட்டி. பெரிய அட்டைப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் கொண்ட லேபிள் ஒட்டியிருக்கிறது. ஒரு பெட்டியைத் தவறி இரண்டாம் முறை ஸ்கேன் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் ‘இந்தப் பெட்டி ஏற்கெனவே பதிவானது’ என்று திரையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து காத்திருக்கும். வேலை செய்பவரின் கண் பெட்டிமேல் இருக்கும், திரைமேல் இருக்காது. அவர் அடுத்த பெட்டியை ஸ்கேன் செய்வார். அந்த எண்ணின் இலக்கங்களை அந்தச் சின்ன ஜன்னல் விழுங்கிவிடும். ஒவ்வொரு எண்ணின் கடைசியிலும் ஸ்கேனர் அனுப்பும் ‘என்டர்’, ஓ.கே. பொத்தானை அழுத்தி ஜன்னலை மூடிவிடும். எச்சரிக்கையை யாரும் பார்க்கவில்லை. அந்த அடுத்த பெட்டி கணக்கிலேயே ஏறவில்லை. ஆனால் பீப் மட்டும் சரியாக இரண்டு முறை கேட்டது. கேள்வி ‘எஸ், நோ’ வகையாக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். பார்கோடில் ஒய் என்ற எழுத்து வந்தாலே போதும், விண்டோஸ் அதை ‘எஸ்’ என்று எடுத்துக்கொள்ளும்.

தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கீபோர்டு வேஷம் போடும் ஸ்கேனர் எழுத்துகளை அனுப்புவதில்லை. எந்த விசையை அழுத்த வேண்டும் என்பதை மட்டுமே அனுப்புகிறது. அதை எழுத்தாக மாற்றுவது விண்டோஸ். கடிதம் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிட்டு, திரும்ப ஆங்கிலத்துக்கு வராமல் ஸ்கேன் செய்தால், கே விசையில் ‘ம’ வரும், ஜே விசையில் ‘ப’ வரும். எண்கள் தப்பிக்கும், எழுத்து கலந்த ஆர்ட்டிக்கிள் நம்பர் உருக்குலைந்து போகும். கேப்ஸ் லாக் போட்டு மறந்தாலும் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிடும். வெளிநாட்டு ஸ்கேனர் கையேடு தமிழ் விசைப்பலகையைப் பற்றிச் சொல்லித்தராது. மென்பொருளை இங்கே எழுதுபவர்தான் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சரி, வழி என்ன? செலவே இல்லாத வழி ஒன்று ஸ்கேனர் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. அதோடு வரும் கையேட்டில் சில பார்கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். அவற்றை வரிசையாக ஸ்கேன் செய்தால் ஸ்கேனரின் நடத்தை மாறும். அப்படி, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் யாரும் கையால் தட்டாத ஒரு குறியைச் சேர்க்கச் சொல்லலாம். அந்தக் குறி வந்ததும் மென்பொருள் விழித்துக்கொள்ள வேண்டும். கர்சர் எங்கே இருந்தாலும் சரி, அதன் பிறகு ‘என்டர்’ வரை வருவதையெல்லாம் தனியே பிடித்து வைக்க வேண்டும். மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில் எழுதியவர்களுக்கு இதற்கான வசதி படிவத்தின் (கட்டங்கள் உள்ள திரையின்) பண்புகளிலேயே இருக்கிறது. கட்டங்களுக்குப் போகும் முன் எல்லா விசையையும் படிவம் முதலில் பார்த்துவிடும். எச்சரிக்கைக்குத் தனி ஜன்னல் திறக்காமல், அதே படிவத்திலேயே சிவப்பாகக் காட்ட வேண்டும்.

விசைகள் வரும் வேகத்தை வைத்து ஸ்கேனரை அடையாளம் காண்பவர்களும் உண்டு. மனிதர் வேகமாகத் தட்டினாலும் இரண்டு விசைக்கு இடையே சராசரியாக நூறு மில்லி வினாடி அளவில் ஆகும். ஸ்கேனர் அதில் ஒரு சிறு பங்கில் முடித்துவிடும். பழைய கம்ப்யூட்டர் திணறும்போது இந்தக் கணக்கு தப்பும் என்பதால் இதை மட்டும் நம்புவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பிடித்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. 13 இலக்க பார்கோடின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். மேலே சொன்ன எண்ணில் முதல் 12 இலக்கங்களை எடுங்கள். ஒற்றைப்படை இடங்களில் இருப்பவை 8, 0, 2, 4, 6, 8, கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் 9, 1, 3, 5, 7, 9. கூட்டி மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எதுவும் தேவையில்லை என்பதால் கடைசி இலக்கம் 0. நடுவில் 5 என்பது 6 ஆனால் மொத்தம் 133 ஆகும், கடைசி இலக்கம் 7 ஆக இருக்க வேண்டும். பொருந்தாது, மென்பொருள் தள்ளிவிடலாம். பார்கோடு கிழிந்து எண்ணைக் கையால் அடிக்கும்போதும் இந்தச் சோதனை உதவும்.

டேட்டாபேஸில் இந்த எண்ணை எண் வகையாக அல்ல, எழுத்து வகையாகச் சேமிக்க வேண்டும். எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். எக்செலில் ஒட்டினால் 8.90123E+12 என்று சுருங்கியும் தெரியும். இன்னொன்றும் பலர் கவனிக்காதது: ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே சைஸ் ஷூ டப்பாக்கள் எல்லாவற்றிலும் 13 இலக்க எண் ஒன்றேதான். ஆகவே இரண்டு டப்பாவை ஸ்கேன் செய்தார்களா, ஒரே டப்பாவை இரண்டு முறை செய்தார்களா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதற்காகத்தான் அட்டைப்பெட்டிக்கு 18 இலக்கத் தனி எண் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு பீப் பிரச்சினை தீரவில்லை. அதைத் தீர்க்க ஸ்கேனரின் கீபோர்டு வேஷத்தைக் கலைக்க வேண்டும். பல ஸ்கேனர்களை சீரியல் போர்ட் முறைக்கு மாற்றலாம். அப்போது தகவல் கர்சரைத் தேடிப் போகாது. உரிய மென்பொருளுக்கு நேரே போகும். தமிழ் விசைப்பலகையும் கேப்ஸ் லாக்கும் அதைத் தொட முடியாது. சில மாடல்களில், டேட்டாபேஸில் ஏறிவிட்டது என்று மென்பொருள் பதில் அனுப்பும் வரை ஸ்கேனரைக் காத்திருக்கவும் வைக்கலாம். அந்த வசதி இல்லையென்றால், பதிவு முடிந்த பிறகு கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒரு சத்தம், தவறினால் வேறு சத்தம் என்று மென்பொருளே கொடுக்கட்டும். ஸ்கேனரின் பீப்பை அணைத்துவிடலாம்.

மருத்துவமனையில் ஒரு ஸ்கேன் தவறுவதன் எடை வேறு. பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்யும் முறை வந்தபோது, நேரம் தவறுவது நீங்கலான மருந்துப் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. 2010இல் வெளியான ஆய்வு இது. இந்தியாவிலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பிராண்டுகளின் உறையில் பார்கோடு அல்லது கியூஆர் கோடு கட்டாயம். கோடு அச்சிடுவது உற்பத்தியாளரின் வேலை. அதைச் சரியாக வாங்கிப் பதிவது பில் மேசையில் இருக்கும் மென்பொருளின் வேலை.

கடைக்கோ கம்பெனிக்கோ புதிய மென்பொருள் வாங்கப்போகிறீர்கள் என்றால், விற்பவர் எதிரிலேயே நான்கு காரியம் செய்து பாருங்கள். கர்சரைத் தப்பான கட்டத்தில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். தமிழ் விசைப்பலகைக்கு மாற்றி ஸ்கேன் செய்யுங்கள். எச்சரிக்கை வரும்போது அதைப் படிக்காமல் அடுத்ததை ஸ்கேன் செய்யுங்கள். நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டும் ஸ்கேன் செய்யுங்கள். நான்கிலும் தவறைச் சத்தம் போட்டுச் சொல்லும் மென்பொருளுக்கு மட்டும் பணம் கொடுங்கள்.