பழைய பைதானுக்கு எங்கே மறுப்புச் சொல்வது?

'நுரைச்சோலை' என்ற ஊர்ப் பெயரின் நீளம் என்ன? நாம் வாசிப்பது 5 எழுத்து. பைதான் 3, குறியீடுகளை எண்ணி 10 என்கிறது. பைதான் 2 சாதாரணச் சரத்தின் பைட்டுகளை எண்ணுவதால், யூடிஎஃப்-8இல் 30 என்றது. ஊர்ப் பெயரிலேயே இவ்வளவு மாறும்போது, இரண்டுக்கும் ஒரே நிரலை எழுதிக் காப்பது பெரும்பாடு. பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்தது. இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுதான், 3.8இன் காலம் 2024 அக்டோபரில் தீர்ந்தது.

நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்துக்கு அப்பால் ஒரு வெங்காயத் தோட்டம். அங்கே கிணற்று நீரின் உப்பளவை சேவையகத்துக்கு அனுப்பும் சிறு கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுப்பும் வேலையைச் செய்வது ஒரு கிளையன்ட் லைப்ரரி. அதை எழுதியவர் பழைய பைதானைக் கைவிட்டால், தோட்டத்தில் என்ன நடக்கும்?

ஒழுங்காகச் செய்தால், எதுவும் நின்றுபோகாது. பொதியின் விவரத்தில் 'ரிக்வயர்ஸ்-பைதான்' என்ற வரியில் குறைந்தபட்சப் பதிப்பை எழுத வேண்டும். பொதிகளை நிறுவும் கருவியான பிப், 2016இல் வந்த 9.0 முதல் அதைப் படித்து, பொருந்தாத வெளியீடுகளைத் தாண்டி, அந்தக் கணினிக்கு ஏற்ற கடைசி வெளியீட்டை எடுத்துக்கொள்ளும். அந்த வரியை மறந்து வெளியிட்டுவிட்டால் பின்னர் திருத்த முடியாது. அந்த வெளியீட்டை விலக்கிக்கொண்டு, புதிய எண்ணில் மறுபடி வெளியிட வேண்டியதுதான்.

பலர் நிரலின் தலையிலேயே பதிப்பைச் சோதித்துப் பிழைச்செய்தி காட்டுகிறார்கள். அதே கோப்பில் புதிய இலக்கணத்தில் ஒரு வரி இருந்தாலும் அந்தச் சோதனை ஓடாது. பைதான் முழுக் கோப்பையும் படித்த பிறகே முதல் வரியை இயக்கும். ஆகவே பழைய கணினி காண்பது புரியாத இலக்கணப் பிழைதான். சோதனையைப் பழைய இலக்கணத்திலேயே தனிக் கோப்பில் வைக்க வேண்டும்.

கைவிடுவதற்கு முந்தைய வெளியீட்டிலேயே எச்சரிக்கை வர வேண்டும். 'டெப்ரிகேஷன் வார்னிங்' லைப்ரரிக்குள்ளிருந்து எழுந்தால் பைதான் வழக்கமாக அதை மறைத்துவிடும். 'ஃபியூச்சர் வார்னிங்' கண்ணில் படும். எந்த வெளியீடு கடைசி என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

சேவையகம் பழைய நெறிமுறையை ஏற்கும்வரைதான் பழைய லைப்ரரிக்கு உயிர். 2018இல் பைபிஐ களஞ்சியம் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் நிறுத்தியபோது, பழைய ஓபன்எஸ்எஸ்எல்லோடு இருந்த பைதான்களால் அங்கிருந்து எந்தப் பொதியையும் இறக்க முடியவில்லை. சேவையகம் பழைய நெறிமுறையை நிறுத்தினால், தோட்டத்துக் கணினிக்கும் இதேதான் நேரும். அதனால் சேவையகத்தில் பழைய லைப்ரரிக்கான வாசலை மூடும் தேதியையும் எச்சரிக்கையில் எழுத வேண்டும்.